முதல் சில மணி நேரச் சாட்சியம்: கடற்கொள்ளை வழக்குகள் குறித்து ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அதிகாரிகளுக்கும், சட்ட அமைச்சின் அதிகாரிகளுக்கும், சிங்கப்பூர்க் கொடியுடன் ஓடும் கப்பல்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கடற்கொள்ளைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் மேல்முறையீட்டுக்குப் போகும்போது, தம்மை அடையாளம் காட்டிய மாலுமி ஆள் மாறிக் காட்டிவிட்டார் என்பதே பல வேளைகளில் அவருடைய முதன்மையான வாதமாக இருக்கும். அந்த வாதத்தை உரசிப் பார்க்க மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு என்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வழக்கமாகச் சாட்சியை அவர்கள் நேரில் பார்ப்பதில்லை. விசாரணைக் குறிப்புகளும் வாக்குமூலங்களும் தடயப் பொருள்களுமே அவர்கள் முன் இருக்கும். கொள்ளையர் கப்பலில் ஏறி இறங்கிய பின் வந்த முதல் சில மணி நேரத்தில் அந்த மாலுமி எவ்வளவு பார்த்ததாகச் சொன்னார், யாரிடம் பேசினார், யார் அவருக்கு எந்தப் படத்தைக் காட்டினார் என்பவை அந்த ஏடுகளில் இல்லையென்றால், எத்தனை கற்றறிந்த நீதிபதிகள் அமர்ந்தாலும் விட்டுப்போனதை மீட்க முடியாது. ஆகவே அந்த முதல் மணி நேரங்களுக்கு ஓர் ஒழுங்கை நீங்கள் வகுத்துத் தர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான், வழக்கறிஞன் அல்லன். ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும் சாட்சியம் எந்த இடத்தில் உருவாகிறதோ அந்த இடத்தில் வாழ்ந்தவன்.

இதில் பணயம் சிறியதன்று. நம் தண்டனைச் சட்டத்தின் 130பி பிரிவின்படி, சர்வதேசச் சட்டம் கடற்கொள்ளை என்று கூறும் செயலைச் செய்தவருக்கு ஆயுள் சிறையும் குறைந்தது 12 பிரம்படிகளும் உண்டு. அச்செயலின்போது கொலை செய்தாலோ, கொலைக்கு முயன்றாலோ, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய காரியத்தில் இறங்கினாலோ மரண தண்டனை. நம் வாசலில் உள்ள நீரிணையில் நடக்கும் சம்பவங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள் நடப்பதால், சட்டம் அவற்றைக் கடற்கொள்ளை என்று சொல்லாமல் கப்பல்களுக்கு எதிரான ஆயுதக் கொள்ளை என்றே வகைப்படுத்துகிறது. எந்தப் பெயரில் குற்றச்சாட்டு வந்தாலும் அடையாளம் காட்டுவதில் உள்ள சிக்கல் ஒன்றுதான்.

அந்தச் சம்பவங்கள் எப்படி நடக்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கொள்ளை பற்றிய செய்திகளை நாடுகளுக்கிடையே பகிர்வதற்காக 2006 முதல் இங்கேயே இயங்கிவரும் ரீகேப் தகவல் பகிர்வு மையத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் அதைச் சொல்லி வருகின்றன. பிலிப் கால்வாயை ஒட்டிய கிழக்கு நோக்கிய தடம், இருட்டு வேளை, கடலிலிருந்து தாழ்ந்த உயரமுள்ள தளம், பின்புறமாக வந்து ஒட்டும் சிறு படகு, என்ஜின் அறைக்குள் நுழைந்து உதிரிபாகங்களை அள்ளிக்கொண்டு போகும் சிலர். நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு எளிதில் விளங்காத ஒன்று, அந்த நேரத்தில் கப்பலில் உள்ள வெளிச்சத்தின் நிலை. கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் இரவில் விளக்கு எரியாது. காவலில் இருப்பவரின் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக ரேடார் திரையின் ஒளியைக்கூடக் குறைத்து வைப்போம். என்ஜின் அறையோ பகல் போல வெளிச்சமாக இருக்கும். அங்கிருந்து பின்தளத்துக்கு ஏறி வரும் ஆயிலரின், அதாவது என்ஜின் அறைப் பணியாளரின், கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அவர் எதிரே துணியால் முகத்தை மூடிய ஒருவன் கத்தியோடு நின்ற நேரம் அரை நிமிடமாக இருக்கலாம். அந்த அரை நிமிடத்தை நம்பித்தான் பிறகு ஒருவரின் ஆயுள் தீர்மானிக்கப்படுகிறது.

நாம் கவனிக்க வேண்டிய கட்டம் அதன் பிறகு வருவது. கொள்ளையர் இறங்கிப் போனதும் கேப்டன் அனைவரையும் மெஸ் ரூம் எனும் சாப்பாட்டு அறைக்கு அழைத்து எண்ணிக்கை பார்ப்பார். அது சரியான நடைமுறை, உயிர் முக்கியம். தேநீர் வரும். ஒருவர் கை நடுங்கிக்கொண்டிருக்கும். இன்னொருவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பார். "நாலு பேர்" என்பார் ஒருவர். "இல்லை, ஐந்து பேர், ஒருவன் சிவப்புச் சட்டை" என்பார் மற்றவர். சிவப்புச் சட்டையைப் பார்க்காதவர்களின் மனத்திலும் அந்தச் சட்டை அப்போதே குடியேறிவிடும். நிறுவனத்துக்கு உடனே அறிக்கை அனுப்ப வேண்டிய அவசரத்தில் இரண்டாம் அதிகாரி கணினி முன் அமர்ந்து, எல்லாருடைய பேச்சையும் ஒன்றாக்கி ஓர் ஒழுங்கான கதையாகத் தட்டச்சு செய்வார். மறுநாள் கரையில் காவல்துறையிடம் கொடுக்கப்படும் வாக்குமூலங்கள் அந்த அறிக்கையின் சாயலிலேயே இருக்கும். நீதிமன்றத்தில் இவை "ஒன்றையொன்று உறுதிசெய்யும் சாட்சியங்கள்" என்று தோற்றமளிக்கும். பாலில் கலந்த தண்ணீரைப் பிறகு யார் பிரிப்பது?

இன்னும் கொடியது கைப்பேசி. எங்கோ ஒரு படகில் நான்கு பேர் பிடிபட்டால், அவர்களின் படம் முகவர் வழியாகவோ நண்பர்கள் வழியாகவோ ஒரு மணி நேரத்தில் கப்பலின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து வந்த மூத்த போசன் (தளப் பணியாளர்களின் தலைவர்) ஒருவர், தம் பிள்ளை வயதுள்ள ஆயிலரின் தோளில் கைவைத்து, "தம்பி, இவன்தானே? நல்லாப் பாரு" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் வஞ்சகம் எள்ளளவும் இல்லை, பரிவுதான் இருக்கிறது. அந்த இளைஞரும் "ஆமாண்ணே, இவன்தான் போல" என்கிறார். அந்தக் கணத்துக்குப் பிறகு அவருடைய நினைவில் உள்ள முகம் பின்தளத்தில் பார்த்ததா, கைப்பேசியில் பார்த்ததா என்பதை அவராலேயே பிரித்தறிய முடியாது. சில வாரம் கழித்து முறைப்படி அடையாள அணிவகுப்பு நடத்தினாலும் அவர் காட்டப்போவது படத்தில் பார்த்த முகத்தைத்தான். குறுக்கு விசாரணையில் அவர் சற்றும் தடுமாற மாட்டார், ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை.

சாட்சியின் நேர்மையும் சாட்சியத்தின் துல்லியமும் வேறுவேறு என்பதை ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. 2004ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறைப்பட்டால் தாக்குப்பிடிக்கும் பயிற்சியில் இருந்த 500க்கும் மேற்பட்ட ராணுவத்தினரைச் சோதித்தார்கள். தம்மை அரை மணி நேரத்துக்கு மேல் எதிரே நின்று விசாரித்தவரைப் பிறகு அவர்கள் அடையாளம் காட்ட வேண்டும். ஆட்களை நேரில் நிறுத்திய அணிவகுப்பில், மென்மையாக விசாரித்தவரைச் சரியாகக் காட்டியோர் ஏறக்குறைய 60 விழுக்காடு. உடல்வலியும் அச்சமும் தந்து விசாரித்தவரைச் சரியாகக் காட்டியோர் ஏறக்குறைய 30 விழுக்காடு. பயிற்சி பெற்ற வீரர்களின் நிலையே இது. ஆயுதம் கண்முன் இருக்கும்போது பார்வை ஆயுதத்திலேயே நிலைத்துவிடும் என்பதும், தம் இனத்தவரல்லாதோரின் முகங்களை வேறுபடுத்திக் காண்பதில் மனிதர்கள் கூடுதலாகத் தவறுகிறார்கள் என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. தமிழரும் பிலிப்பினோக்களும் மியன்மார் நாட்டவரும் ஒன்றாகப் பணியாற்றும் கப்பலில் இந்த இரண்டாவது செய்தியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1998ல் வெளியான இன்னோர் ஆய்வு, தவறான ஆளைக் காட்டியவரிடம்கூட "சரியான ஆளைக் காட்டிவிட்டீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாம் நன்றாகப் பார்த்ததாகவும் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்ததாகவும் அவர் நம்பத் தொடங்கிவிடுகிறார் என்று காட்டியது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டில் ஆள் மாறிய அடையாளம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. லண்டனில் அடால்ஃப் பெக் என்பவரை 1896ல் பல பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, தம்மை ஏமாற்றியவர் இவரே என்று அடையாளம் காட்டினார்கள். அவர் சிறைசென்று மீண்டார். 1904ல் அதே வகைக் குற்றத்தில் மீண்டும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். உண்மையான குற்றவாளி பிடிபட்ட பிறகே அத்தனை பேரும் தவறியது வெளிப்பட்டது. இங்கிலாந்தில் 1907ல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவானதற்கு அந்த வழக்கும் ஒரு முக்கியக் காரணம். குற்றவியல் மேல்முறையீடு என்ற ஏற்பாட்டின் பிறப்பிலேயே கண்கண்ட சாட்சியின் பிழை இருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1976ல் இங்கிலாந்தின் டர்ன்புல் வழக்குத் தீர்ப்பு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எந்த வெளிச்சம், இடையே தடை இருந்ததா, முன்பே தெரிந்தவரா, பார்த்ததற்கும் காட்டியதற்கும் இடையே எவ்வளவு காலம் என்று கேட்கச் சொன்னது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998ல் அந்த நெறியை இங்கே பொருந்தும்படி அமைத்துக்கொண்டது. வழக்கு முழுவதுமாகவோ பெருமளவோ அடையாளத்தை நம்பியிருக்கிறதா, அந்த அடையாளத்தின் தரம் நல்லதா, தரம் குறைந்தது என்றால் அதைத் தாங்கும் வேறு சான்று உண்டா என்ற மூன்று கேள்விகள் நம் நீதிபதிகளின் முன் நிற்கின்றன. இங்கே 1970 முதல் ஜூரி எனப்படும் நடுவர் குழு கிடையாது. அடையாளம் காட்டியவர் தவறியிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை நீதிபதி தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

நெறி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விகளுக்குரிய விடை கப்பலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் நிற்பவரைக் கேட்டால், அவர் மனத்தில் தோன்றும் ஓர் எண்ணைச் சொல்வார். அதை விசாரணை நீதிபதி ஏற்றுக்கொண்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394ஆம் பிரிவின்படி, தீர்ப்பு சட்டப்படி தவறானது அல்லது சான்றுகளின் எடைக்கு மாறானது என்று காட்டினாலன்றி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கலைக்காது. சாட்சியை நேரில் கண்டு கேட்ட நீதிபதியின் மதிப்பீட்டுக்கு மேல்நிலை நீதிமன்றங்கள் இயல்பாகவே மதிப்புத் தருகின்றன. ஆயினும் நேர்மையாகத் தவறியவரின் பிழை அவருடைய முகபாவத்தில் தெரியாது. மாலுமி அடுத்த கப்பலேறி எங்கோ போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். நேரில் வர இயலாதவரின் வாக்குமூலத்தை, வரையறுத்த சூழல்களில், ஏடாகவே ஏற்கச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போது குறுக்கு விசாரணைகூட இருக்காது.

கண்கண்ட சாட்சியம் எல்லாமே நம்பத்தகாதது என்று நான் சொல்லவில்லை. 1991 மார்ச்சில் பிலிப்பீன்ஸ் கடற்பகுதியில் கடத்தப்பட்ட தபாங்காவ் என்ற எண்ணெய்க் கப்பலில் 21 மாலுமிகள் இருந்தார்கள். கப்பல் நம் பக்கத்துக் கடலுக்குக் கொண்டுவரப்பட்டு, எண்ணெய் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டது. மாலுமிகள் விடுபட்டது ஏப்ரலில். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மேல்முறையீட்டில், தாங்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களே என்றார்கள். பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றம் 2001ல் தண்டனையை உறுதிசெய்தது. வாரக்கணக்கில் ஒரே கப்பலில், பகலும் இரவும், முகத்துக்கு முகம் பார்த்தவர்களின் சொல்லுக்கு எடை உண்டு. அதற்கு எதிர்முனையில் அலோண்ட்ரா ரெயின்போ இருக்கிறது. 1999 அக்டோபரில் இந்தோனேசியாவின் குவாலா தஞ்சோங்கிலிருந்து அலுமினியக் கட்டிகளுடன் புறப்பட்ட அந்தக் கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றி, மாலுமிகளைப் பிறகு மிதவையில் இறக்கிவிட்டார்கள். நவம்பர் நடுவில் இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் வேறு பெயருடன் ஓடிய கப்பலைப் பிடித்தன. அதில் இருந்தவர்கள் 2003ல் மும்பையில் தண்டிக்கப்பட்டு, 2005ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். கைப்பற்றியவர்கள் ஏறிய நாளுக்கும் கப்பல் பிடிபட்ட நாளுக்கும் இடையே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி இருக்கும் வழக்கில், அன்று ஏறியவரும் இன்று பிடிபட்டவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டிய சுமை எவ்வளவு பெரியது என்பதைப் பாருங்கள். நிறுவ முடியாமற்போனால் குற்றமற்றவர் தப்புவார்; குற்றவாளியும் தப்புவார். அதனால்தான் சொல்கிறேன், நான் கேட்கும் ஒழுங்கு குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் காட்டும் சலுகையன்று. மிதவையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்த மாலுமியின் சொல் வீணாகாமல் காப்பதும் அதுவே.

கடலில் கண் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்குத் தமிழர்களாகிய நாம் கொடுத்த விலையும் உண்டு. 2012 ஜூலையில் துபாய் அருகே, அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் நிரப்பும் கப்பல் ஒன்று, தன்னை நோக்கி வந்த சிறு படகைத் தாக்குதல் படகென்று ஐயுற்றுச் சுட்டது. படகில் இருந்தவர்கள் மீனவர்கள். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். பலமுறை எச்சரித்த பிறகே சுட்டதாகக் கடற்படை கூறியது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். பகல் வெளிச்சத்தில், ஒரே நிகழ்ச்சியைப் பற்றி, இரண்டு கூற்றுகள். மீன்பிடி படகும் கொள்ளையர் படகும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதை மாலுமிகள் அனைவரும் அறிவார்கள். நீதிமன்ற ஏட்டில் அந்த அறிவு ஏறுவதே இல்லை.

இனி நான் கேட்பது. கடல்துறை, துறைமுக ஆணையம் நம் கொடிக் கப்பல்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளில் ஒன்றாக, சம்பவத்துக்குப் பின் சாட்சியத்தைக் காக்கும் முறையைக் கட்டாயமாக்க வேண்டும். இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேசக் கடல்துறை அமைப்பு 2009ல் இத்தகைய குற்றங்களின் புலனாய்வுக்கான நடைமுறைக் கோவையை ஏ.1025 தீர்மானமாக நிறைவேற்றியது. 2011ல் புலனாய்வுக்கு உதவும் வழிகாட்டியை 1404 எண்ணுள்ள சுற்றறிக்கையாக வெளியிட்டது. அவற்றைப் பிரிட்ஜிலும் மெஸ் ரூமிலும் செயலாகும் அளவுக்குச் சுருக்கி, ஒரே தாளில் தர வேண்டும். எண்ணிக்கை பார்த்து, காயம்பட்டவரைக் கவனித்த உடனே, எதையாவது பார்த்த ஒவ்வொருவரும் மற்றவரோடு அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், தனித்தனியே, தம் கைப்பட, தம் தாய்மொழியில் எழுத வேண்டும். தமிழில் எழுதுபவர் தமிழில் எழுதட்டும். மொழிபெயர்ப்பு பிறகு நடக்கட்டும், மூலம் வழக்குக் கோப்பில் கிடக்கட்டும். எங்கே நின்றேன், எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம், முகத்தில் எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று எழுத அந்தத் தாளிலேயே இடம் இருக்க வேண்டும். "முகத்தைப் பார்க்கவில்லை" என்று எழுதுவது குறைபாடாகக் கருதப்படாது என்றும் அதில் அச்சிட்டிருக்க வேண்டும். வேலைக்கு வந்த இளைஞர்கள் அதிகாரி எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுவார்கள் என்பது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பிடிபட்டவர்களின் படத்தைக் கேப்டனோ முகவரோ நிறுவனமோ சாட்சிகளுக்குக் காட்டக் கூடாது என்பது தெளிவான தடையாக இருக்க வேண்டும். காட்டப்பட்டுவிட்டால் எப்போது, யார், எந்தப் படம் என்பதை மறைக்காமல் பதிய வேண்டும். கப்பலின் பயணத் தரவுப் பதிவுக் கருவியில் உள்ள சேமிப்பு விசையை உடனே அழுத்துவதும் அந்தத் தாளின் மேல்வரியில் இருக்க வேண்டும். 2014 ஜூலைக்குப் பின் பொருத்தப்பட்ட கருவிகள் காப்புறையில் 48 மணி நேரத்தையும் நீண்டகாலப் பதிவில் 30 நாளையும் வைத்திருக்கும்; பழையவற்றில் 12 மணி நேரமே இருக்கக்கூடும். பிரிட்ஜின் ஒலியும் ரேடார் படமும் அதில் உள்ளன. "பத்து நிமிடம் பார்த்தேன்" என்பவரின் பத்து நிமிடம் உண்மையில் இரண்டு நிமிடமா என்பதை அந்தப் பதிவு பல வேளைகளில் சொல்லிவிடும். குழப்பத்தில் அந்த விசையை மறந்துவிடுவது எளிது.

சட்ட அமைச்சிடம் இரண்டு வேண்டுகோள்கள். அடையாள அணிவகுப்பும் படவரிசையும் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதைப் பொதுமக்கள் படிக்கும்படி எழுத்தில் வெளியிடுங்கள். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுக் காவல்துறை, குற்றச் சாட்சியச் சட்டத்தின் கீழ் அதற்கென்றே ஒரு விதிக்கோவை இருக்கிறது. இங்கே, சந்தேக நபர் யார் என்று அறியாத அதிகாரி அணிவகுப்பை நடத்த வேண்டும், முழுவதும் காணொளியில் பதிவாக வேண்டும், "உறுதியாகத் தெரியவில்லை" என்று சாட்சி சொன்னால் அந்தச் சொல்லே ஏட்டில் ஏற வேண்டும். மற்றது, காட்டத் தவறிய சாட்சிகளைப் பற்றியது. 2005ல் நடந்த ஒரு கொலை தொடர்பான வழக்கில், உள்ளே வந்தவர் ஒருவர்தான் என்று நேரில் கண்டவர் கூறியிருந்த வாக்குமூலம் தற்காப்புத் தரப்புக்குக் காலந்தாழ்த்தியே கிடைத்தது. 2011ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரில் ஒருவரை விடுவித்ததோடு, தற்காப்புக்கு உதவக்கூடிய, பயன்படுத்தப்படாத சான்றுகளை அரசுத் தரப்பு வெளிப்படுத்த வேண்டும் என்ற கடப்பாட்டையும் வகுத்தது. கடற்கொள்ளை வழக்குகளில் அந்தக் கடப்பாடு கப்பலில் எழுதிய முதல் தாள்களையும் எட்ட வேண்டும். அணிவகுப்பில் ஒருவரையும் காட்டாத சமையல்காரரின் தாளும், வேறு ஆளைக் காட்டிய மூன்றாம் என்ஜினியரின் தாளும், சரியாகக் காட்டியதாகச் சொல்லப்படும் ஆயிலரின் தாளோடு சேர்ந்தே தற்காப்பு வழக்கறிஞரின் மேசைக்குப் போக வேண்டும்.

கொள்ளையரிடம் சிக்கி மீண்ட மாலுமிகளை உடனே எழுதச் சொல்வது கொடுமை என்று சிலர் கூறலாம். அவர்களின் நிலையை நான் அறிவேன், அதை எளிதாகக் கடந்து சொல்லவில்லை. காயம்பட்டவரும் அதிர்ச்சியில் உறைந்தவரும் பிறகு எழுதட்டும். எப்போது எழுதினார், அதற்குள் யாரோடு பேசினார் என்ற குறிப்பு மட்டும் இருக்கட்டும். கரையில் நாள்கணக்கில் ஒரே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லி, பிறகு கூண்டில் நின்று பொய்யர் என்று பழிக்கப்படுவதைவிட, சம்பவம் நடந்த இரவிலேயே அமைதியாகத் தம் மொழியில் ஒரு தாள் எழுதுவது அவர்களுக்கு இலேசானது.

தமிழ், ஆங்கிலம், மலாய், சீனம், தகாலோக், பர்மியம், இந்தோனேசிய மொழி ஆகியவற்றில் அந்தத் தாளின் வரைவைத் தயாரித்துக் கப்பல் நிறுவனங்களின் கருத்தைக் கேட்க ஆணையம் முன்வருமானால், தமிழ் வரைவைப் படித்துத் திருத்தித்தர நானும் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலரும் ஊதியமின்றி உழைக்கத் தயாராக இருக்கிறோம். சட்ட அமைச்சு மேற்சொன்ன இரண்டு வேண்டுகோள்களுக்கும் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்
சிங்கப்பூர்